சிவப்பு வி-எயிட்டுக்குப் பற்றரி பூட்டிய கதை

மெக்கானிக்கிடம் சந்தோஷமாக வருகிற வாடிக்கையாளர் என்று ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பல் வைத்தியரிடம் போகிற முகத்தோடுதான் எல்லோரும் வருவார்கள். வந்து, வருத்தத்தை நாங்களே அந்த வாகனத்துக்குள் கொண்டுபோய் வைத்ததுபோல எங்களை முறைப்பார்கள். நகக்கண்ணில் கறுப்புப் போகாத சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நான் வேலை செய்தது மெல்பேணில், மல்கிரேவில் இருந்த ஒரு கராஜில். முதலாளி டெரி. எங்களிடம் வருபவை பெரும்பாலும் வி-எயிட் கார்கள். எட்டுச் சிலிண்டர், அகலமான சக்கரம், மூன்று தெரு தள்ளி வரும்போதே எங்கள் யன்னல் கண்ணாடி அதிரும். 2011இல் அப்படி ஒரு காரின் வயிற்றைக் கீறி மின்சாரக் காராக மாற்றினோம். அந்த ஒரு காரில் நான் பட்ட பாடுதான் இது. அங்கே எல்லோரும் பேசியது இங்கிலீஷ். ஆனால் என் மண்டையில் அது எங்கட தமிழாகவே பதிந்திருக்கிறது, அப்படியே தருகிறேன்.

இரண்டு பேரில் ஒருவர்

கொலின் வெரிபீயில் இருந்து வந்தார். அறுபத்தைந்து வயது, மூக்கில் ஒட்சிசன் குழாய், தோளில் சின்னச் சிலிண்டர். வாழ்நாள் முழுக்கக் காருக்குப் பெயின்ற் அடித்து நுரையீரல் போய்விட்டது. அவருடைய சிவப்பு வி-எயிட்டை அன்றைக்கு ஓட்டி வந்தவள் மகள் அலிசன். அவர் ஒரு டாக்சியில் பின்னால் வந்தார். பழைய கார் என்பதால் உள்ளுக்குள் பெற்றோல் மணம், புகை மணம். ஐந்து நிமிஷம் இருந்தாரானால் இருமி இருமி நீலமாகிவிடுவார். போதாததற்கு, ஒட்சிசனை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காருக்குள் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அலிசனுக்கு நவம்பரில் கல்யாணம். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, 'உன்னைத் தேவாலயத்துக்கு இந்தக் காரில் நானே ஓட்டிக்கொண்டு போவேன்' என்று தகப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். நவம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நவம்பருக்குப் பிறகு என்ன என்று டொக்டர் பேசவே இல்லையாம். வேறு கார் எடுக்கலாமே என்றார் டெரி. கொலின் காரின் போனற்றில் கையை வைத்தபடி சொன்னார்:

"நானும் இந்த என்ஜினும், எங்கள் ரெண்டு பேரில ஒராள் இந்தக் காரை விட்டு இறங்கோணும், டெரி. நான் இறங்கமாட்டன்."

மண்ணெண்ணெய்த் தகுதி

கராஜில் என்னோடு இன்னும் இரண்டு மெக்கானிக்குகள். நல்லாக இருக்கிற வி-எயிட்டைக் கழற்றிவிட்டுப் பற்றரி வைப்பதா என்று கேட்டதுமே இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். டெரி என்னைப் பார்த்தார். பெற்றோல் இல்லாத வாகனத்தில் உனக்கு ஏதாவது அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராது. வருவதும் ஊசிமருந்துச் சிரிஞ்சில் அளந்து விற்கிற விலை. காபுரேட்டருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவோம். கார் முழு ஊரையும் புகையால் மூடிக்கொண்டு போகும், ஆனால் போகும். அப்படி எத்தனையோ பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். டெரி கொக்கியில் தொங்கிய கார் திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்:

"அப்ப எங்களிட்ட இருக்கிற ஒரே விஞ்ஞானி நீதான் சிவா. துவங்கு."

என்ஜினை இறக்கிய சனிக்கிழமை

அந்த என்ஜினைத் தூக்குகிற நாளில் கொலினின் கார்க் கழகத்து ஆட்கள் எட்டுப் பேர் வந்து வரிசையாக நின்றார்கள். தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டார்கள். செத்தவீட்டுக்கு வந்தது மாதிரி ஒருவரும் உரத்துப் பேசவில்லை. தலைவர் புரூஸ் பெரிய உடம்புக்காரர், கொலினோடு முப்பது வருஷச் சிநேகிதம். சங்கிலியில் என்ஜின் மெல்ல மேலே எழும்பியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொலின் பெற்றோல் மணம் ஒத்துக்கொள்ளாமல் வெளியே முற்றத்தில் நின்று யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழகத்துப் பிள்ளைகளின் கல்யாணம் என்றால் எல்லா வி-எயிட்டும் உறுமிக்கொண்டு மணமகள் காருக்குப் பின்னால் தேவாலய வாசல் வரைக்கும் போவது அவர்களுடைய வழக்கம். அன்றைக்கு எல்லோரும் வெளியே வந்ததும் கொலின் அதைத்தான் எடுத்தார். நீங்கள் பின்னால் வரவேண்டாம், உங்கள் புகை எனக்கு ஆகாது, நேரே தேவாலயத்துக்கு வேறு வழியால் வாருங்கள் என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கினார். புரூஸின் முகம் சிவந்துபோனது. அவர் தன் காரில் ஏறுவதற்கு முன் திரும்பிச் சொன்னது:

"முப்பது வருஷமா உன்ர காருக்குப் பின்னால வந்து உன்ர புகையை விழுங்கினனான் கொலின், ஒருநாளாவது ஏதும் சொன்னனானே?"

காதுக்கு வேலை போன நாள்

நான் காதால் வைத்தியம் பார்க்கிற பழைய ஆள். நீட்டு ஸ்க்ரூட்ரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் எந்த வால்வுக்கு என்ன வருத்தம் என்று அதுவே சொல்லும். எங்கள் கராஜில் எனக்கு மரியாதை கிடைத்ததே இந்தக் காதால்தான். பற்றரிகளை அடுக்கி, மோட்டரைப் பழைய கியர்பெட்டியோடு பூட்டி முதல்தரம் ஓடவிட்டபோது, பழக்கதோஷத்தில் அதே ஸ்க்ரூட்ரைவரை எடுத்துப்போய் மோட்டரில் வைத்தேன். மெல்லிய ஒரு இரைச்சல், அவ்வளவுதான். இனி இந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை என்று டெரியிடம் போய்ச் சொன்னேன்.

"கேக்காட்டில் வேலை செய்யுது எண்டு அர்த்தம், சிவா. பழகு."

பொயிண்ட் குக்கில் பிறந்தநாள் சாப்பாடு

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, மல்கிரேவில் இருந்து வெரிபீக்குக் காரைக் கொலினிடம் காட்டக் கொண்டு போனேன். தூரம் அறுபது கிலோமீற்றர். ஒருதரம் சார்ஜ் பண்ணினால் எண்பது ஓடும் என்று கணக்கு. நான் விட்ட பிழை என்ன தெரியுமா? வேகத்தையும் இவ்வளவு காலமாகக் காதால்தான் அளந்திருக்கிறேன். என்ஜின் கத்தினால் காலை எடுப்பேன். இது கத்தவே இல்லை, நானும் எடுக்கவே இல்லை. பெரிய பாலத்தைத் தாண்டி வேக முள்ளைப் பார்த்தால் நூற்றுப்பத்தில் நிற்கிறது, பற்றரி அடி தட்டுகிறது. வழியில் பொயிண்ட் குக் என்ற இடத்தில் திருப்பி, உருண்டு உருண்டு ஒரு புதுத் தெருவுக்குள் போய் நின்றுவிட்டது.

வாசலில் இருபது சோடி செருப்புக் கிடந்த ஒரு வீட்டு மணியை அடித்தேன். இத்தனை செருப்பை வெளியே விடுகிறவர்கள் எங்கட ஆட்களாகத்தான் இருக்கவேண்டும். கதவைத் திறந்தவர் கோமதி அன்ரி, சொந்த ஊர் மதுரை. உள்ளே மகனுக்குப் பிறந்தநாள். கொஞ்சம் கரண்ட் வேண்டும் என்றேன். "போனுக்குத்தானே தம்பி?" என்றார். காருக்கு என்றதும் ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "சரி, மொதல்ல செருப்பக் கழட்டிட்டு வாங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்" என்றார். உடுப்புத் தோய்க்கிற அறை யன்னலால் வயரை இழுத்து விட்டோம்.

நாலு மணித்தியாலம் இருந்தேன். இரண்டுதரம் சாப்பிட்டேன். கேக் வெட்டும்போது கை தட்டினேன். பிறந்தநாள் படங்களில் நானும் இருக்கிறேன். கொலினின் கதையைச் சொன்னபோது அன்ரி அப்பளத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். ஊரில் இருந்த என் மனைவி இன்னும் விசா கிடைக்காமல் காத்திருந்த காலம் அது, வீட்டுச் சாப்பாடு என்று நான் சாப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதைச் சொல்லாமலே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வயரைச் சுருட்டும்போது வாசல் வரை வந்து சொன்னார்:

"அடுத்த தடவ சார்ஜ் தீர்றதுக்கு முன்னாடியே ஒரு போன் போட்ருங்க தம்பி, ஒரு டம்ளர் அரிசி கூடப் போட்டுடறேன்."

கல்யாணத் தெரு

கல்யாணம் வில்லியம்ஸ்டவுனில், கடலுக்குப் பக்கத்துத் தேவாலயத்தில். வெரிபீயில் இருந்து பெருந்தெருவைத் தொடாமல், அறுபதுக்கு மேல் போகாமல் வரச்சொல்லிக் கொலினுக்கு வழியைத் தாளில் கீறிக் கொடுத்திருந்தேன். அவர் ஸ்டியரிங்கில், ஒட்சிசன் பக்கத்துச் சீற்றில், அலிசன் வெள்ளை உடுப்போடு பின்னால். நானும் டெரியும் டெரியின் பிக்கப்பில் வயரும் கருவிகளுமாகப் பின்தொடர்ந்தோம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நான் வேண்டாத தெய்வமில்லை. காற்று எதிராக அடித்தது. ஆனாலும் கார் ஒரு சொல் பேசாமல் போய்க்கொண்டே இருந்தது. கொலின் ஒருதரம்கூட இருமவில்லை.

தேவாலயத்துக்கு இருநூறு மீற்றர் இருக்கும்போது கடைசித் திருப்பத்தில் திரும்பினோம். தெரு ஓரமாக எட்டு வி-எயிட்டுகள் வரிசையாக நிற்கின்றன. பின்னால் வரவேண்டாம் என்று அவ்வளவு சொல்லியும் வந்துவிட்டார்களே, இப்போது ஸ்டார்ட் பண்ணினால் எல்லாம் போச்சே என்று நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன். டெரி என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு சைலன்சரிலும் புகை இல்லை. மனைவிமார் ஸ்டியரிங்கில் இருந்தார்கள். புருஷன்மார் கோட்டுகளைக் கழற்றிக் கூரையில் போட்டுவிட்டு ஒவ்வொரு காருக்கும் பின்னால் கையை ஊன்றி நின்றார்கள். எங்களுக்கு முன்னால் சிவப்புக் கார் மெல்லக் கடந்து போனதும், எட்டுக் காரும் ஒன்றன்பின் ஒன்றாக நகரத் தொடங்கின. நானும் டெரியும் பிக்கப்பை ஓரமாக விட்டுவிட்டு ஓடிப்போய்க் கடைசிக் காரில் கையைப் போட்டோம்.

அந்தத் தெருவில் அன்றைக்குக் கேட்டது டயர் உருளுகிற சத்தமும் கிழவர்கள் மூச்சு வாங்குகிற சத்தமும்தான். என் கன்னத்தில் வழிந்தது வியர்வை மட்டும் இல்லை, அதை மறைக்க எனக்கு வெட்கமும் இல்லை. தேவாலய வாசலில் கொலின் காரை நிறுத்தினார். அலிசன் இறங்கியதும் அப்பாவைக்கூடப் பார்க்காமல் புரூஸைத்தான் போய்க் கட்டிப்பிடித்தாள். புரூஸின் கழுத்து ரை முதுகுப்பக்கம் போயிருந்தது, முகம் தக்காளியாகி மூச்சு இரைத்தது. கொலின் யன்னலைக் கீழே இறக்கினார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. மூக்கில் இருந்த குழாயை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டார்:

"புரூஸ், மூச்சு வாங்குதே? இதை ஒருக்காத் தரட்டே?"

கொலின் அதற்குப் பிறகு ஒரு கோடை முழுக்க அந்தக் காரைத் தானே ஓட்டித் திரிந்தார்.

வாகனம் எதனால் ஓடுகிறது என்று இப்போதெல்லாம் யாராவது என்னிடம் கேட்டால், எந்த நாள், எந்தத் தெரு என்று கேட்காமல் நான் வாய் திறப்பதில்லை.