அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே

தூக்கம் வரவில்லை என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். மாத்திரை எழுதித் தருவாள் என்று பார்த்தால், சாயங்காலத்தை ஒழுங்கு பண்ணுங்கள் என்கிறாள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டுமாம், போனைத் தூர வைக்க வேண்டுமாம், உள்ளங்காலில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டுமாம். “முக்கியமா வீட்ல சத்தமே இருக்கக் கூடாது ஆன்ட்டி” என்றாள். ஆன்ட்டி என்று கூப்பிட்டதிலேயே எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போய்விட்டது, அதை விடுங்கள். திரும்பும் வழியில் நாட்டு மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் வாங்கினேன். வீட்டில் மூடியைத் திறந்ததும் அந்த வாசனை குப்பென்று வந்தது. எண்ணெயைத் தொடக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா தினமும் அப்பாவின் காலில் தேய்த்த எண்ணெய் அது. தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா எலக்ட்ரிக் ட்ரெயின் ஓட்டினார். பீச் ஸ்டேஷனுக்குப் போகிற விடிகாலை வண்டிக்கு அவர் எழுந்துகொள்ளும்போது காக்காய்கூட எழுந்திருக்காது. அதனால் ஊரெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் படுக்கை போட்டாகிவிடும். ரசம் சாதம், ஜாதிக்காய் உரைத்த பால், அப்புறம் விளக்கெண்ணெய். பாட்டுக் கேட்க வேண்டிய நேரத்தில் எங்கள் ரேடியோ அலமாரியில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எங்கள் லைனில், அதாவது குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வரிசையில், ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் தூங்குகிற வீட்டு கேட்டில் ஒரு துண்டைப் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்ததும் பையன்கள் கிரிக்கெட்டை அடுத்த லைனுக்கு மாற்றிக்கொள்வார்கள். பழ வண்டிக்காரர் கூவுவதை நிறுத்திவிட்டு, “இன்னாம்மா, சார் தூங்கினுகீறாரா?” என்று கிசுகிசுப்பார். அம்மா கையை ஆட்டியே வாழைப்பழம் பேரம் பேசுவாள். சிரிக்காதீர்கள், படியவும் செய்யும்.

ஒருநாள் மீனம்பாக்கம் தாண்டி, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்த ஒரு ஆள் அப்பாவின் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார். அப்பா மேல் எந்தத் தப்பும் இல்லை. தூரத்திலேயே பார்த்துவிட்டார், ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அந்த மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை. விசாரணையிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அன்றோடு அப்பாவின் தூக்கம் போயிற்று.

தூக்கம் இல்லாதவர் கையில் வண்டியை எப்படிக் கொடுப்பார்கள்? லீவு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். லீவு முடியும்போது மெடிக்கல் பரிசோதனையில் தேறினால் வண்டி, இல்லையென்றால் ஆபீஸில் ஒரு நாற்காலி. “வண்டி இல்லன்னா நான் வெறும் ஆளு, சரோஜா” என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும்.

விஷயம் தெரிந்து லைனே எங்களுக்காக வாயைப் பொத்திக்கொண்டது. பாவம், எல்லாம் பாசம்தான். பக்கத்து வீட்டுத் தெரசா டீச்சரின் வீட்டுக்காரர் சர்ச் பாட்டுக்கு ஆர்மோனியம் பழகுவதை நிறுத்தினார். தெரு நாய்க்குக்கூட வேளை தவறாமல் பொறை ரொட்டி கிடைத்தது, குரைக்காமல் இருக்க. விசில் அடிக்கும் என்று அம்மா குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, அதன் வெயிட்டைத் தெரசா டீச்சருக்கு இரவல் கொடுத்துவிட்டாள். இருட்ட ஆரம்பித்தால் எங்கள் லைன் சாவு வீட்டை விட மோசமாக இருக்கும். அப்பா எண்ணெய்க் காலோடு விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பார். கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வந்தது. நாங்கள் இன்னும் மெதுவாக நடந்தோம்.

லீவு முடியப் போகிற சமயம், ஒரு சாயங்காலம், தெரசா டீச்சர் குக்கர் வெயிட்டைத் திருப்பிக் கொடுக்கக் காம்பவுண்டு சுவரோரம் வந்தாள். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“டீச்சர், இது என் வெயிட் இல்லியே.”

“அதேதான் சரோஜாக்கா. நீங்கதான் யூஸ் பண்றதே இல்லியே, உங்களுக்கு மறந்திருக்கும்.”

அவ்வளவுதான். அத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை, பயம் எல்லாம் அம்மாவுக்கு அந்த வெயிட்டின் மேல் வந்து இறங்கியது. “என் பொருள் எனக்குத் தெரியாதா? எனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?” என்று ஆரம்பித்தாள். டீச்சர் மட்டும் லேசுப்பட்டவளா? வகுப்பில் அறுபது பிள்ளைகளை அடக்குகிற குரல். போன கிறிஸ்துமஸ் கேக், அதற்கும் முந்தைய தீபாவளி முறுக்கு வரைக்கும் எல்லாம் சபைக்கு வந்துவிட்டது.

ஐயோ, அப்பா! நான் பதறிப்போய் உள்ளே ஓடினேன். அப்பா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் முகம் தெளிந்து எழுந்து வந்தவர், வெட்கத்தோடு சொன்னார். “சத்தமே இல்லன்னா அந்த ஹாரன்தான் கேக்குது. விடாம கேக்குது. நேத்து உங்க சண்டையில அது அமுங்கிப்போச்சு.” அடக் கடவுளே, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “எல்லாரும் எனக்காகப் பாத்துப் பாத்துச் செய்றீங்க. எப்படிச் சொல்றது?” என்றார் அப்பா.

அன்றிலிருந்து அதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டு இருவரும் சண்டை போட்டார்கள். விளக்கு வைத்ததும் டீச்சர் சுவரோரம் வந்து, “ஆரம்பிக்கலாமா அக்கா?” என்பாள். வெயிட் விவகாரம் சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. அப்புறம் கோவளத்து மீன்காரி கொடுத்த வஞ்சிரம் பழசா புதுசா என்று ஒரு சண்டை, பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸைப் பற்றி ஒரு சண்டை. ஒருநாள் ஒன்றுமே கிடைக்காமல் டீச்சர் முழிக்க, “என் மூக்குத்திய நல்லால்லன்னு சொல்லு” என்று அம்மா எடுத்துக் கொடுத்தாள். உள்ளே அப்பா அசந்து தூங்குவார். மெடிக்கலில் தேறினார், ஓய்வு பெறும்வரை வண்டி ஓட்டினார்.

அந்த லைன் இப்போது இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். தெரசா டீச்சர் மகனோடு கனடா போய், அங்கேயே அடங்கிவிட்டாள். அம்மா அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள். அம்மா போன பிறகு அப்பாவைக் கூடுவாஞ்சேரியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தோம். ஜன்னலைச் சாத்தினால் ஈ பறக்கிற சத்தம்கூட வராது. அப்பாவுக்கு மறுபடியும் தூக்கம் போயிற்று. டிவி போட்டு வைத்தேன். “அது வேற யாரோ வீட்டுச் சண்டை பாப்பா” என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஒரு சாயங்காலம் கட்டிலில் படுத்தபடி, “நீயும் மாப்பிள்ளையும் கொஞ்ச நேரம் ஏதாச்சும் சண்டை போடுங்களேன்” என்றார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். நான் ஹாலுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார், நல்ல மனிதர். இருவரும் எதிரெதிரே நின்றோம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பால்காரர், கரண்ட் பில், மகளின் பெங்களூர் வேலை, எதைத் தொட்டாலும் “சரி”, “பாத்துக்கலாம்” என்று இரண்டு வார்த்தையில் முடிந்தது. எங்களுக்குள் சண்டைக்கு வேண்டிய பேச்சு எப்போதோ வற்றிப்போயிருந்தது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கண்ணைத் திறக்காமலே, “பரவால்ல பாப்பா” என்றார். “கதவைச் சாத்திட்டுப் போ.”