நாற்பத்து நாலு கிலோ காற்று

அமுதவல்லியைப் பார்த்தால் விவரம் கெட்டவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கீரமங்கலம் பூச்சந்தையில் ஏலம் விடுகிறவனையே வாயடைக்க வைத்தவள். மல்லிகையைத் தொட்டுப் பார்த்து நேற்றுப் பறித்ததா இன்று பறித்ததா என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் மூன்று வருஷமாகக் காற்றுக்கு வாடகை கட்டியிருக்கிறாள். என்னத்தைச் சொல்ல!

வியாழன்தோறும் அவள் கொட்டகையிலிருந்து ஆறு அட்டைப்பெட்டிப் பூச்சரம் திருச்சிக்குப் போய், விமானமேறி கோலாலம்பூரில் இறங்கும். அங்கே பூக்கடை வைத்திருக்கும் சந்தனம் வெள்ளிக்கிழமைக் கோயில் கூட்டத்துக்கு விற்பார். பெட்டி கடைக்கு வந்து சேர இவ்வளவுதான் என்று விலை பேசி முடித்துவிட்டார். ஒரு காசு ஏற்ற மாட்டார். விமான வாடகை அவள் தலையில். அது வருஷத்துக்கு வருஷம் ஏறி, கடைசியில் கைக்காசு போட்டு அனுப்பும் நிலை வந்துவிட்டது. தை வரைக்கும் பார்ப்பது, தேறாவிட்டால் கொட்டகையை மூடுவது என்று இருந்தாள். மூடினால் பூக்கட்டும் பதினோரு பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

விஷயத்தைப் போட்டு உடைத்தவன் வேன் டிரைவர் சார்லஸ். மணமேல்குடியில் நண்டுப்பெட்டி ஏற்றிக்கொண்டு, வருகிற வழியில் இவள் பூவையும் எடுத்துப் போகிறவன்.

"அக்கா, ஒங்க பூவும் நண்டும் ஒரே பில்லுலதான் பிளேன் ஏறுது, தெரியுமா?"

"ஏறிட்டுப் போகட்டும். அதுக்கென்ன இப்ப?"

"அதுலதான் ரகுநாத் சாருக்குக் காசே."

ரகுநாத் திருச்சியில் கார்கோ ஏஜென்ட். விமானத்தில் தராசு எடை ஒன்று, டேப் வைத்து அளந்து நீள அகல உயரத்தைக் கிலோவாக்கும் எடை ஒன்று. எது கூடுதலோ அதற்குத்தான் வாடகை. அமுதவல்லியின் பூ தராசில் அறுபத்தாறு கிலோ, டேப்பில் நூற்றுப்பத்து. நண்டு தராசில் இருநூறு, டேப்பில் நூற்றைம்பது. தனித்தனியாக அவர் வசூலிப்பது முந்நூற்றுப் பத்து கிலோவுக்கு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் தராசில் இருநூற்று அறுபத்தாறு, டேப்பில் இருநூற்று அறுபது. விமானக் கம்பெனிக்கு அவர் கட்டுவது அந்த இருநூற்று அறுபத்தாறுக்குத்தான். மிச்சம் நாற்பத்து நாலு கிலோ எந்தப் பெட்டியிலும் இல்லை. ஆனால் காசு இருக்கிறது, ரகுநாத்திடம்.

அமுதவல்லி மறுநாளே பஸ் ஏறிப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். மனிதர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"அக்கா, ஒங்க ஆறு பெட்டிய ஏர்லைன்காரன் நேரா வாங்க மாட்டான். நான் மொத்தமா எடம் பிடிச்சு வைக்கிறேன். கடல் சரியில்லாம நண்டு வரலைன்னா அந்த எடத்துக்கு நான்தான் தண்டம் கட்டணும். அப்ப நீங்களா வந்து குடுப்பீங்க?"

அவர் போனில் அவளுடைய பெட்டியின் படத்தைக் காட்டினார்.

"மூடிய பாருங்க, வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. அளக்குறவன் டேப்ப அந்தத் தொப்புள்லதான் வைப்பான்."

"இத ஏன் சார் மூணு வருஷமாச் சொல்லல?"

"நீங்க கேக்கலையேக்கா."

பெட்டி வயிறு தள்ளியதற்குக் காரணம், கொட்டகையில் பூக்கட்டிப் பெட்டி அடுக்கும் கண்ணாத்தாள்தான். அவள் மட்டுமென்ன, அந்தக் கொட்டகையே அப்படித்தான். எண்ணிக்கைக்கு மேல் ஒரு கை சரம் அள்ளி வைக்காமல் அவர்கள் மூடி ஒட்டியதில்லை. தலைதட்டி அளந்தால் கை விளங்காது என்பார்கள். அமுதவல்லியும் அந்தக் கைராசிதான் தன்னை இதுவரை தூக்கிவிட்டது என்று நம்பியிருந்தாள். அந்தக் கொசுறுச் சரத்துக்கும் அவளே வாடகை கட்டியிருக்கிறாள், பாவி மகள்.

அடுத்த வியாழன் பெட்டி தட்டையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

"என்னத்தா இது, எழவு வீட்டுக்கா அனுப்புறோம்?" என்றாள் கண்ணாத்தாள்.

"சொன்னதச் செய்ங்க மதினி."

கொசுறை நிறுத்தியும் மூடி படியவில்லை. அமுக்கி ஒட்டினார்கள். டேப்பில் தொண்ணூற்றாறு கிலோதான் வந்தது. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் பில் வந்தது. ஏழாயிரத்து எழுநூறு கட்டிக்கொண்டிருந்தவளுக்கு எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. பதறிப்போய் ரகுநாத்துக்குப் போன் போட்டாள்.

"நூறுக்கு மேல போனா கிலோ எழுபது, நூறுக்குக் கீழன்னா தொண்ணூறுக்கா. எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

அந்தப் போனை வைத்ததும் சந்தனம் கூப்பிட்டார். அமுக்கின பூ கறுத்து வந்திருந்ததாம். பாதியைக் குப்பையில் கொட்டினாராம். "ஒங்க பெட்டியத் தொறந்தா பூ மேல எந்திரிச்சு வரும்மா. அதுக்குத்தான் இத்தன வருஷம் ஒங்ககிட்ட வாங்குனேன். இனிமே வேற ஆளப் பாத்துக்குறேன், மனசுல வச்சுக்காதீங்க." அவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். தை பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே கொட்டகை மூடியாயிற்று. பதினோரு பேரிடமும் சொல்லும்போது அவள் அழுதாள். கண்ணாத்தாள் பூக்கட்டும் நார்க்கண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அடுத்த வியாழன் மத்தியானம் சார்லஸின் வேன் வழக்கம்போல் வாசலில் நின்றது.

"இங்க ஒன்னுமில்ல சார்லசு. போ."

"தெரியும்க்கா. நண்டுக்குச் சோடியா லேசான சரக்கா ஒன்னு பாக்கச் சொன்னாரு சாரு. அடுத்த தெரு திலகவதியக்கா மலேசியாவுக்குப் பொரிச்ச அப்பளம் அனுப்புறேன்னுட்டாங்க. பெட்டி நெறைய அடுக்கி வச்சிருக்காங்களாம்."

வேன் அங்கிட்டுத் திரும்பியது. அமுதவல்லி செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள். திலகவதி வீட்டு வாசலில் மூடி புடைத்த ஏழு பெட்டிகள் வரிசையாக நின்றன.

"வாக்கா, வா! மொதப் பெட்டிய ஒன் கையால ஏத்திவிடு, ஒன் கை ராசியான கை," என்று திலகவதி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

நிறைத்துக் கட்டாதே என்று சொல்லலாமென்றால், குறைத்துக் கட்டியதில் என்ன ஆனது என்பதும் அவளுக்குத் தெரியும். வேறு என்ன சொல்வது? அமுதவல்லி குனிந்து பெட்டியைத் தூக்கினாள். அதில் கனமே இல்லை.