அப்பாவின் ரயிலில் அம்மா ஏறிய நாள்

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு ரயில் ஓடுகிறது. ஓட்டுகிறவர் அப்பா, தூசி தட்டுகிறவள் நான். தோட்டத்தை விட்டு ஹட்டன் டவுனுக்குக் குடிவந்தபோது கட்டிலையும் அலுமாரியையும் விட்டுவிட்டு வரச் சம்மதித்த மனிதர், இந்த ரயிலையும் அது ஓடுகிற காகித மலையையும் தண்டவாளத்தையும் மட்டும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அதிலும் பாதி, பழைய பல் பிரஷ்ஷால் சுரங்கத்துக்குள் ஒட்டடை எடுப்பதில் போய்விடுகிறது. சலித்துவிட்டது, வேறென்ன சொல்ல?

வருகிறவர்களின் பிள்ளைகள் ரயில் பெட்டியின் கூரையைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஜன்னலோரம் இருக்கும் நீலச் சேலைக்காரிக்கு ஏன் பாதம் இல்லை? அப்பா காது கேளாதவர் மாதிரி பெட்டரி மாற்றப் போய்விடுவார். பதில் சொல்கிற வேலையும் என் தலையில்தான்.

நான் சின்னவளாக இருந்தபோது நாங்கள் திம்புள்ளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷின் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் எங்களுக்கென்று ஓர் அறையும் அதன் முன்னால் சின்னதாக ஓர் இஸ்தோப்பும் இருந்தன. இஸ்தோப்பு என்பது மனிதர்கள் உட்கார்ந்து காற்று வாங்குகிற இடம் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து அங்கே ரயில் பாதைதான் இருந்தது.

லயத்தில் யாருடைய குடை கிழிந்தாலும் அதன் கம்பிகள் அப்பாவிடம் வந்து தண்டவாளமாகிவிடும். பழைய கேசட் ரெக்கார்டரின் மோட்டார் எஞ்சினுக்குள் உட்கார்ந்திருந்தது. சீமெந்துப் பையைக் கிழித்து மாப்பசையில் ஊறவைத்து மலை எழுப்பினார். அதன்மேல் தூவ, வீட்டில் குடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துச் சாயம் போட்டார். அதைப் பார்த்தால் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“பகலெல்லாம் மலையில தேயில. வீட்டுக்கு வந்தா இங்கயும் தேயிலையா? என் உசுர வாங்கவே இத செய்றீங்களா?”

“நல்லாப் பாரு புள்ள, நம்ம மலைதான். ஒன்னையும் வச்சிருக்கேன்.”

வைத்துத்தான் இருந்தார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியில் விரல் உயரத்துக்குப் பெண்களைச் செதுக்கி, வர்ணம் அடித்து, மலையில் நிரை பிடித்து நிறுத்தியிருந்தார். எல்லார் முதுகிலும் கூடை. அதில் நீலச் சேலை கட்டியவள் அம்மா.

அம்மா அவரிடம் கேட்டது வேறு. சின்னம்மாவை, அதாவது அவளுடைய ஒரே தங்கச்சியை, அப்புத்தளையில் கட்டிக்கொடுத்திருந்தது. மலைக்குக் கீழே தினமும் ரயில் அந்தப் பக்கம்தான் போகும். அம்மா கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறாளே தவிர, ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தங்கச்சி வீட்டுக்கு ஒரு தரம் போய்வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

“பட்டிப்பொல சுரங்கத்த முடிச்சிர்றேன், எல்லாருமாப் போவோம்” என்பார் அப்பா. லீவு நாளெல்லாம் அவருக்கு ரயில் வேலைதான். பட்டிப்பொல முடிந்ததும் அடுத்த ஸ்டேஷன் ஒஹிய வந்தது. தீபாவளிகள் போய்க்கொண்டே இருந்தன. பல வருடம் கழித்து அம்மா அப்புத்தளைக்குப் போனது வாடகை வேனில், சின்னம்மாவின் சாவு வீட்டுக்கு. ரயில் பாதையில் அப்போது மண் சரிந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் அப்பா அப்புத்தளை ஸ்டேஷனைக் கட்டினார். யாருக்கு என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வேன்.

நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முந்திய கதை. நான் மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. பொம்மைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அப்பா எனக்குத்தான் கொடுத்திருந்தார். அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஆனால் ஒரு தொல்லை. மற்றவர்கள் எல்லாரும் நிரையில் ஒழுங்காக நிற்க, நீலச் சேலைக்காரி மட்டும் காலையில் பார்த்தால் கீழே, ஸ்டேஷன் பெஞ்சில் சாய்ந்து கிடப்பாள். நான் எடுத்து மலையில் நிறுத்துவேன். மறுநாள் திரும்பவும் பெஞ்சில். ஒரு சாயந்தரம் அம்மாவே அவளை எடுத்து அங்கே வைப்பதைக் கண்ணால் பார்த்தேன். எங்களைப்போல அம்மாவும் விளையாடுகிறாள், திருப்பி வைக்கத்தான் மறந்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னேன்.

“பசை இருக்குல்ல, ஒட்டிவிட்டுரு” என்றார், தலையைத் தூக்காமல்.

செருப்பு ஒட்டுகிற பசை. தாராளமாகப் பூசி ஒட்டினேன்.

அன்றைக்கு நல்ல மழை. கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அம்மா நனைந்து வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. நேரே மலையிடம் போய் நீலச் சேலைக்காரியைத் தூக்கினாள். வரவில்லை.

“இனி விழ மாட்டாம்மா, நான்தான் ஒட்டினேன்” என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏன்டி, அவளும் அங்கயே நின்னு சாகணுமா?”

கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. படக்கென்று முறிந்தது. பாதம் இரண்டும் மலையிலேயே நின்றன, மேல் பாதி அம்மா கையில். நான் ஓவென்று கத்தினேன்.

“ஐயோ, கால ஒடச்சிட்டீங்க!”

“ஒக்காந்து போறவளுக்குக் காலு எதுக்குடி?”

பெட்டியின் கூரையைத் திறந்து ஜன்னலோரம் வைத்தாள். முழு உயரத்துக்கு அவள் அதில் அடங்கியிருக்கமாட்டாள். இப்போது கூரை சரியாக மூடிக்கொண்டது. அம்மா தன் கையால் சுவிட்சைப் போட்டுவிட்டு ஈரத்தோடு தரையில் உட்கார்ந்தாள். ரயில் சுற்றிச் சுற்றி வந்தது. அப்பா ஸ்டோரிலிருந்து வந்து வாசலில் நின்றார். மலையில் ஒட்டியிருந்த பாதங்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

அம்மா திரும்பாமலே சொன்னாள். “அப்புத்தள வர்ற வரைக்கும் நிப்பாட்டாதீங்க.”

“இதுல அப்புத்தளயே இல்லியேம்மா” என்றேன் நான். “அப்பா இன்னும் கட்டலியே.”

பெட்டரி தீர்ந்துவிடும் என்று யாரையும் இரண்டு சுற்றுக்கு மேல் ஓட்டவிடாத அப்பா, அன்று நின்ற இடத்திலேயே நின்றார். சுவிட்சுக்குக் கை போகவில்லை. அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. எனக்கு நல்ல பசி. ரயில் எப்போது நிற்கும், அம்மா எப்போது எழுந்து ரொட்டி சுடுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.