வெறும் போல்டர்கள்

ராஜினியின் விரல்கள் find என்று கட்டளை அடித்து, ஜெயபுரம் போல்டருக்குள் இருக்கும் உட்போல்டர்களை எண்ணச் சொல்லின. 186 என்று வந்தது. மறுபடி அடித்தன. அதே 186.

"எத்தனை குடும்பம் எண்டு சொன்னனீங்கள், சுரேகா?"

"இருநூற்றிப் பதின்மூண்டு. வீட்டுக்கொரு போல்டர், அக்கா." ஜெயபுரத்தில் வீடு வீடாகக் காணிப் பத்திரங்களைச் சேர்த்துப் பென்ட்ரைவில் கொண்டுவந்திருந்த சுரேகா சொன்னார்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் கணினிக் கடை வைத்திருக்கும் ராஜினியின் கைகள் அப்படியே நின்றன. விண்டோஸ் ஓடாத பழைய கணினியில், ஒவ்வொரு கட்டளையாக அடித்துப் பார்த்து, நடந்ததைக் கொப்பியில் எழுதித் தொழில் பழகியவர் அவர்.

"சிலதுக்குள்ள ஒண்டுமே இருக்கேல்லையே?"

"ஓம். இடம்பெயரேக்க காணிப் பத்திரம் துலைஞ்ச ஆக்கள். பேராவது இருக்கட்டும் எண்டு வைச்சனான். இண்டைக்குக் காணி விசாரணையே அவைக்குத்தான். இந்த போல்டர் லிஸ்டில பேர் இல்லாட்டிக் கூப்பிடமாட்டினம்."

வெறும் போல்டர் குப்பை என்று நினைத்து, காலையில் ராஜினி அந்தப் பென்ட்ரைவில் இருந்த வெறும் போல்டர்களை மட்டும் ஒரே கட்டளையில் அழித்திருந்தார்.

"நான் அழிச்சுப்போட்டன்."

"பகிடி விடாதேங்கோ! பத்திரமில்லாத ஆண்டியப்பன் அண்ணை விடியவே வெள்ளை வேட்டியோட அங்க போய்க் குந்திட்டார்."

மூன்று மணிக்கு விசாரணை. இப்போது ஒன்றரை.

பென்ட்ரைவில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்க, நேற்று இதே கட்டளை ஜன்னலில் du என்று அடித்தது ராஜினிக்கு நினைவுக்கு வந்தது. அது எல்லா உட்போல்டரின் பெயரையும் அளவையும் சொல்லும். வெறுமையானதற்கும் 4 என்று போடும். ஆனால் அந்த ஜன்னல் கடைசி ஐந்நூறு வரிகளைத்தான் வைத்திருக்கும். கீழே ஒரு வரி வந்தால் மேலே ஒன்று போய்விடும். ராஜினி விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, மவுசை மட்டும் உருட்டினார்.

உச்சி வரை போனார். நேற்றைய பட்டியல் இருந்தது. ஆனால் தலைப்பகுதி இல்லை. சற்றுமுன் சரிபார்க்க இரண்டு தரம் அடித்தாரே, அந்த வரிகள் தள்ளிவிட்டிருந்தன.

4 போட்ட பெயர்களைக் கொப்பியில் எழுதினார். ஆண்டியப்பன் இருந்தார். அழிந்தது இருபத்தேழு; கொப்பியில் மொத்தம் இருபத்தாறு.

"ஒராள் குறையுது. ஆர்?"

"தெரியேல்லையே அக்கா. பயத்தில என்ர பேரே வருகுதில்லை."

"விட்ட ஆளைத் தேடாதேங்கோ. பத்திரம் சேர்த்த மாதிரியே முதல் வீட்டிலயிருந்து மனசுக்குள்ள நடவுங்கோ. ஒருத்தரையும் விடாமச் சொல்லுங்கோ."

சுரேகா கண்ணை மூடிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகப் பெயர்களைச் சொன்னார். மிஞ்சிய 186 பெயர்களை அச்சடித்த பட்டியலிலும் கொப்பியிலும் ராஜினி ஒவ்வொரு பெயரையும் தொட்டுக்கொண்டே வந்தார். நூறு. நூற்றைம்பது. விரல் நுனி வியர்த்துத் தாளில் ஒட்டியது. இரண்டே காலாகிவிட்டது.

"வாய்க்கால் தாண்டினால் நாய் கடிக்க வந்த வீடு. கமலேஸ்வரியக்கா..."

ராஜினியின் விரல் மேலும் கீழும் ஓடியது. அந்தப் பெயர் இல்லை.

"நிச்சயமோ?"

"அந்த நாயை மறப்பனே?"

மிச்ச வீடுகளையும் சொல்லி முடித்தார்கள். வேறு யாரும் விடுபடவில்லை. இருபத்தேழு போல்டர்களையும் திரும்ப உருவாக்கிக் கட்டளையை அடித்தபோது 213 என்று வந்தது. ராஜினி அதை நம்பாமல், முழுப் பட்டியலையும் அச்சடித்து, தாள்களில் இருந்த பெயர்களைப் பேனாவால் ஒரு தரம் எண்ணினார். பிறகு மூன்று மணி விசாரணைக்குக் கொண்டுபோக, தாள்களையும் பென்ட்ரைவையும் சுரேகாவின் கையில் வைத்தார்.