அம்மா வாங்கிய சிவப்பு பூட்ஸ்

அம்மா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும், அதுவும் அம்மாவை "அவர்" என்றுதான் எழுத வேண்டும் என்பது தம்பியின் கட்டளை. வீட்டில் "அவள்" என்றே பழகிய வாய். அச்சில் ஏறுகிற சமாசாரம் என்பதால் அடங்கிப் போகிறேன்.

நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கடைசி மாதங்களில் வீடு தேடி வந்து பார்த்த டாக்டருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தம்பி மனைவிக்கும், கஞ்சி போட்டுக் கொடுத்தனுப்பிய மந்தைவெளி அக்கம்பக்கத்தாருக்கும், காரியங்கள் முடியும்வரை கூடவே நின்ற உறவினர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அம்மா சிரமப்படாமல் போனார் என்பதில் எங்களுக்கு ஆறுதல். வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது.

அம்மா பிறந்தது செங்கல்பட்டில். பாவாடை தாவணி வயதிலேயே மந்தைவெளிக் கூட்டுக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். யுத்த காலத்து ரேஷன் அரிசியில் அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டார். பொறுமை, அடக்கம் என்று எல்லா மலர்களிலும் போடுகிற குணங்கள் அவரிடமும் இருந்தன. அந்த அடக்கம் ஒரு நாள் காற்றில் பறந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

யுத்தம் முடிந்த சமயம். தம்பிக்கு ஒன்றரை வயது தாண்டியும் நடை வரவில்லை. தவழ்வதில் மட்டும் புலி. வீட்டுக்கு வருகிறவர்கள் அவன் காலைப் பிடித்துப் பார்த்து, "பலம் இல்லையோ என்னமோ" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவார்கள். அம்மா எண்ணெய் தேய்க்கிற சாக்கில் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார். கடைசியில் டாக்டர், "ஒரு கோளாறும் இல்லை. கணுக்காலைப் பிடிக்கிற மாதிரி பூட்ஸ் வாங்கிப் போடுங்கள்" என்றார்.

அங்கேதான் சிக்கல். குடும்பத்துக்குப் பெரியவர் அப்பாவின் அண்ணா. "தோல் நிலைப்படி தாண்டப்படாது" என்பது பெரியப்பா போட்ட சட்டம். ஆண்களின் செருப்பு வாசலோடு சரி. பெண்களுக்குச் செருப்பே கிடையாது. அம்மா அவர் எதிரில் நின்று பேசியதும் இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து என்னிடம் சொல்வார், நான் போய் அவரிடம் சொல்வேன்.

லஸ் பக்கம் இருந்த கடைக்கு நால்வரும் போனோம். அப்பா எடுத்ததில் தம்பியின் இரண்டு காலையும் ஒன்றாக விடலாம். "வளர்ற குழந்தை, ரெண்டு வருஷமாவது வரவேண்டாமா?" என்றார். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் வளையல் வாங்குவதுதான். கழலாமல் பிடித்திருக்க வேண்டும் என்று, இருப்பதிலேயே சின்னதாக எடுத்துத் திணித்தார். தம்பி ஊரைக் கூட்டினான்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "இன்னாம்மா, கொயந்த காலு இன்னா வளையல் போடற கையா? வெரலு ஆட எடம் வோணாவா?"

"தோல் இல்லாம ஏதாவது இருக்கா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"துணியில கீதும்மா. ஆனா கணுக்கால புடிக்காது."

அம்மா கொஞ்ச நேரம் தம்பியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வார் வைத்த சிவப்புத் தோல் பூட்ஸைக் காட்டி, "இதையே கொடுங்கோ" என்றார். அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் வைத்துப் போட்டுவிட்டோம். தம்பி எழுந்தான், டக் டக்கென்று சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்தில் சொக்கிப்போய்த் தெருவில் நடந்தே விட்டான்! அம்மா அழுதுகொண்டே சிரித்தார். ஆனால் நிலைப்படியில் பூட்ஸைக் கழற்றியதும் துரை உட்கார்ந்துவிட்டார். உள்ளே பழைய தவழல்தான். தினமும் இதே கூத்து.

பெரியப்பா பார்ப்பது உள்ளே தவழ்கிற பிள்ளையை மட்டும்தானே? "தெருவுல நடக்கறானாம், ஆத்துல தவழறானாம். நம்பற மாதிரியா இருக்கு? செங்கல்பட்டுக்கு அழைச்சுண்டு போய் வைத்தியம் பார்க்கட்டும். கால் சரியானதும் வந்தாப் போறும்" என்று சொல்லிவிட்டார். எப்போது திரும்பி வருவோம் என்று அம்மாவால் என்னிடம் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை பெரியப்பா குளித்து, மடி வேஷ்டி கட்டிக்கொண்டு பூஜைக்கு உட்கார்ந்திருந்தார். அந்த வேளையில் அவரை யாரும் தொடக்கூடாது; தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்து, பூட்ஸும் காலுமாக இறக்கிவிட்டார். டக் டக்கென்று அவன் கிளம்பினான். பெரியப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"தோல்தான். எனக்குத் தெரியும்," என்றார் அம்மா. கதவுக்குப் பின்னால் போகவில்லை. "நடக்கறான், பாருங்கோ."

தம்பி பூஜை மணியைக் குறிவைத்துப் போனவன், தடுக்கிக் குப்புற விழப் போனான். பெரியப்பா எட்டிப் பிடித்து, பூட்ஸோடு அவனை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். அவனை இறக்கிவிட்டு, மறுபடி குளிக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அன்று முழுக்க அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் பெரியப்பா கசங்கின வேஷ்டியோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல நான் தூது போகத் தயாராக எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"குழந்தையை விடும்மா. நான் இன்னும் குளிக்கலை."