காலைப் புகைமூட்டம்

அந்த ஆண்டு பெர்மாஸ் ஜெயாவில் காலைகளெல்லாம் வெளுத்துப்போய்க் கிடந்தன. கண் விழித்தால் எதிர்வீட்டுக் கூரை பாலில் கரைந்ததுபோல் நிற்கும். தெருவிளக்கைச் சுற்றி வண்ண வளையம். புகைமூட்டம் என்றே நினைத்தேன். எங்கள் ஊரில் வேறென்ன தோன்றும்? கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரிந்தால் இருமல் எங்களுக்குத்தானே. ஜன்னலைச் சாத்திவிட்டு, எரிப்பவர்களைத் திட்டித் தீர்ப்பேன். கணவரும் "ஆமா, புகைதான்" என்று மற்ற ஜன்னல்களைச் சாத்துவார். மதியத்துக்குள் எல்லாம் தெளிந்துவிடும். உண்மையைச் சொன்னால், அந்த வெண்மை எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

செனாயிலுள்ள மின்னணுத் தொழிற்சாலையில் நுண்ணோக்கி வழியாகச் சில்லுகளில் கீறல் தேடுவது என் வேலை. காலை ஷிப்டில் கீறல் விழுந்தவற்றையெல்லாம் நான் கவனிக்காமல் விட்டுவிட, கண்ணைக் காட்டிவிட்டு வந்தால்தான் வேலை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். கண்தானே என் பிழைப்பு.

மருத்துவமனையில் தாடையைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரிந்த பச்சைப் புள்ளியை இமைக்காமல் பார்க்கச் சொன்னார்கள். கண்ணை எதுவும் தொடவில்லை. ஒரு பளிச், அவ்வளவுதான். கருவிழிப் படலத்தின் உட்புறச் செல்கள் திரையில் வந்தன. தேன்கூடு மாதிரி அடுக்கு, இடையிடையே கறுப்பு ஓட்டைகள். எனக்குள் இப்படி ஓர் ஊர் இருந்திருக்கிறதா என்று சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தொழிற்சாலைப் பழக்கதோஷம் வாயைத் திறந்தது.

"இது ரிஜெக்ட் லா."

படமெடுத்த தமிழ்ப் பெண் சிரிக்கவில்லை. படலத்தில் ஊறும் நீரை இந்தச் செல்கள்தான் வெளியேற்றுமாம். இரவில் கண் மூடியிருக்கும்போது நீர் கோத்துக்கொள்வதால்தான் காலையில் மங்கலாகத் தெரிகிறதாம். போன செல் திரும்ப முளைக்காது என்றும் சொன்னாள்.

"ஆனா பக்கத்துல உள்ளது விரிஞ்சு அந்த எடத்த மூடிக்கும்கா. முடிஞ்ச வரைக்கும் தாங்கும்."

எத்தனை காலம் தாங்கும் என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. இப்போதைக்குச் சொட்டு மருந்து, மதிய ஷிப்ட். பின்னால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

காரில் ஏறியதும் கணவரிடம் கேட்டேன், அவருக்கும் புகை தெரிந்ததா என்று. அவர் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"வானம் தெளிவாத்தான் இருந்துச்சு. ஒனக்கு என்னமோன்னு தெரிஞ்சுச்சு. கேக்கப் பயமா இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் வீடு வரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவரே ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

"இன்னைக்குப் புகை இல்ல," என்றார்.

"எனக்கு இருக்கு," என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதிர்வீட்டுத் துணிக்கொடியில் என்னென்ன காய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.