களத்து ஷெட்டுக்குக் காப்பி குடிக்க வாங்க

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதுவும் மதியச் சோற்றுக்காக. பொள்ளாச்சியில் தேங்காய் உரிப்பது என் வேலை. நாங்கள் குடியிருந்த வாடகை வீடு ஒரு மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முந்தின நாள்தான் அதன் சுவரைத் தட்டி, "இரும்பாட்ட இருக்குது" என்று பீற்றியிருந்தேன். அதன்பின் இரண்டு வருஷம் நான், மனைவி, மகள் மூன்று பேருக்கும் கொப்பரை காயப்போடும் களத்து ஷெட்டில்தான் படுக்கை. மகள் மூட்டை மேல் உட்கார்ந்தே பிளஸ் டூ முடித்தாள்.

வீடில்லாமல் இருந்த பிள்ளைகளுக்குக் கோயமுத்தூரில் ஒரு காலேஜ் கட்டணத்தை முழுதாகத் தள்ளுபடி செய்கிறது என்று அவளே கண்டுபிடித்து எழுதிப்போட்டாள். பெற்றவர்களில் ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வீடில்லை என்று சொல்லப்போனவன் மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம். "எங்கீங்க குடியிருக்கறீங்க?" என்றார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே பதில்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பொள்ளாச்சிதானுங்க மேடம். அந்தப் பக்கம் வந்தா கட்டாயம் ஊட்டுக்கு வரோணும். காப்பி குடிக்காம அனுப்ப மாட்டமுங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "ஊடு இல்லைன்னு எழுதியிருக்குதுங்களே?"

மகள் என் காலை மிதித்தாள். "எந்த ஊட்டுக்குங்கப்பா வரச் சொல்றீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் கண்ணு."

"அந்தப் பேச்சுல எம்பட படிப்பு போயிருமுங்கப்பா."

மேடம் சிரிக்கவில்லை. "நீங்க உங்க வாயால சொன்னாத்தாங்க நான் எழுத முடியும்."

இரண்டு வருஷத்தில் அதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொந்தக்காரர்களிடம் "ஊட்டுல ரிப்பேர் வேலை நடக்குதுங்க" என்றே ஓட்டியிருந்தேன். தாஜ்மகாலே அதற்குள் கட்டி முடிந்திருக்கும். மகளைப் பார்த்தேன். அவள் தலை நிமிர்ந்துதான் இருந்தது, குனிந்திருந்தது நான்.

"ஊடு இல்லீங்க மேடம். களத்து ஷெட்டுல இருக்கறமுங்க. மழை வந்தா மூட்டைய ஒருபக்கம் நகத்துவமுங்க, அப்பறம் இவள நகத்துவமுங்க. மூட்டைதான் மொதல்ல. அது மொதலாளியோடதுங்க."

இப்போது மேடம் சிரித்தார். சிரித்தபடியே எழுதினார். களத்து முதலாளிக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, "முழுத் தள்ளுபடி" என்று கையெழுத்துப் போட்டார்.

அடையாள அட்டைக்கு அடுத்த கவுண்டரில் விலாசம் கேட்டார்கள். பின்னால் நீள வரிசை. மகள் சத்தமாகவே சொன்னாள்: "கொப்பரைக் களத்து ஷெட்டுங்க, பொள்ளாச்சி."

எவன் சிரிக்கிறான் என்று பதறித் திரும்பினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற பெண் மட்டும், "ஏனுங்க, பொள்ளாச்சியா? காலைல எத்தன மணி பஸ்சுல வருவீங்க? நானும் அந்தப் பக்கந்தான்" என்றாள். இரண்டு பேரும் பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். நான் என்று ஒருத்தன் வந்திருப்பதே மகளுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு அது நன்றாகவே இருந்தது.